கையெழுத்து இல்லாத குற்றப்பத்திரிகை: 'ஜ'அக்யூஸ்' என்ற ஜெர்மன் நூலும் அதன் சின்னஞ்சிறு போர்க்காலப் பதிப்பும்

மலருக்கு ஒரு கட்டுரை எழுதித் தாருங்கள் என்று சங்கத்தார் கேட்டபோது, வழக்கம்போல் நாலடியாரைப் பற்றியோ சீவக சிந்தாமணியைப் பற்றியோ எழுதுவேன் என்றுதான் அவர்கள் எதிர்பார்த்திருப்பார்கள். வந்தவாசிப் பக்கத்து நயினார் வேறு எதைப் பற்றி எழுதப்போகிறான்! ஆனால் இருபத்தைந்து வருஷத்துக்கு மேலாக என் மனதை அரித்துக்கொண்டிருக்கிற ஒரு புத்தகம் உண்டு. அது தமிழும் அல்ல, சமணமும் அல்ல. ஒரு ஜெர்மானியர் தம் பெயரை மறைத்து எழுதியது. இந்த முறை அதைப் பற்றிச் சொல்லிவிடலாம் என்று துணிந்தேன். நான் கல்லூரி வாசல் மிதித்தவன் அல்ல. பாத்திரக் கடையில் பில் போட்டுக்கொண்டே படித்தவன். குற்றம் கண்டால் அன்பர்கள் பொறுத்தருள வேண்டும்.

1996இல் மும்பை கோட்டைப் பகுதி நடைபாதையில் பழைய புத்தகம் விற்பவரிடம் இதன் ஆங்கில மொழிபெயர்ப்பு கிடைத்தது. ஹாடர் அண்ட் ஸ்டௌட்டன் 1915இல் வெளியிட்டது. மொழிபெயர்த்தவர் அலெக்சாண்டர் கிரே. நானூறு பக்கத்துக்கு மேல், கை வலிக்கிற கனம். தலைப்பு மட்டும் பிரெஞ்சில்: 'ஜ'அக்யூஸ்', அதாவது 'நான் குற்றம் சாட்டுகிறேன்'. ஆசிரியர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'ஒரு ஜெர்மானியன்' என்று மட்டும் இருந்தது. அதைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. நான் என்கிறான், யார் அந்த நான் என்று சொல்லவில்லையே! நம்மூர் மொட்டைக் கடுதாசியை நானூறு பக்கத்துக்கு நீட்டியிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டே வாங்கினேன். படித்து முடித்தபோது சிரிப்பு போய்விட்டது.

நூல் வந்த கதை

முதல் உலகப்போர் 1914 ஆகஸ்டில் மூண்டது. நமக்கு அந்தப் போர் என்றால் 1914 செப்டம்பர் 22 இரவு சென்னை மீது குண்டு வீசிய எம்டன் கப்பல்தான் ஞாபகம் வரும். 'அவன் பெரிய எம்டன்' என்று இன்றும் சொல்கிறோமே, அந்த எம்டன். போர் தொடங்கி எட்டு ஒன்பது மாதத்துக்குள், 1915 வசந்த காலத்தில், சுவிட்சர்லாந்தின் லௌசான் நகரில் பேயோ பதிப்பகம் இந்நூலை ஜெர்மன் மொழியில் வெளியிட்டது. அன்டன் சூட்டர் என்பவர் முன்னுரையோடு பதிப்பித்தார். ஜெர்மனி உடனே தடை போட்டது. எதிரி நாடுகளிலும் நடுநிலை நாடுகளிலும் மொழிபெயர்ப்புகள் மளமளவென்று வந்தன.

எழுதியவர் ரிச்சர்ட் கிரெல்லிங். 1853இல் பெர்லினில் பிறந்தவர், யூத வம்சம், தொழிலில் வக்கீல். 1892இல் பெர்லினில் பெர்தா ஃபான் சுட்னர் அம்மையாரும் ஆல்ஃபிரெட் ஃபிரீடும் ஜெர்மன் சமாதான சங்கம் அமைக்க முனைந்தபோது கூட நின்றவர்களில் ஒருவர். அதன் துணைத் தலைவராகவும் இருந்தவர். (சுட்னர் 1905இலும் ஃபிரீட் 1911இலும் சமாதானத்துக்கான நோபல் பரிசு பெற்றார்கள்.) கெர்ஹார்ட் ஹாப்ட்மன் எழுதிய 'நெசவாளர்கள்' நாடகத்தைப் போலீஸ் தடை செய்தபோது, வழக்காடி 1893இல் மேடையேற வழி செய்த வக்கீலும் இவர்தான். அந்தத் தீர்ப்பு ஒரு வேடிக்கை. அந்தத் தியேட்டரில் டிக்கெட் விலை ஜாஸ்தி, தொழிலாளிகள் வரமாட்டார்கள், ஆகவே கலகம் வராது என்று நீதிபதிகள் சொன்னார்கள். காரணம் எதுவானாலும் வழக்கு ஜெயித்தது. ஆக, எழுதியவர் வாய்ச்சொல் வீரர் அல்லர். ஆவணத்தை வைத்து வாதாடத் தெரிந்தவர். நூலின் பலமும் அதுதான், பலவீனமும் அதுதான்.

கணக்குப் புத்தகங்கள்

போர் மூண்டதும் ஒவ்வொரு அரசும் தன் பக்கத்து நியாயத்தைக் காட்ட, தூதரகத் தந்திகளையும் கடிதங்களையும் தொகுத்து ஒரு புத்தகம் போட்டது. அட்டையின் நிறமே அதற்குப் பெயர். ஜெர்மனிக்கு வெள்ளை, பிரிட்டனுக்கு நீலம், ரஷ்யாவுக்கு ஆரஞ்சு, பிரான்சுக்கு மஞ்சள், பெல்ஜியத்துக்குச் சாம்பல், ஆஸ்திரியாவுக்குச் சிவப்பு. கிரெல்லிங் இவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு தேதி தேதியாக ஒத்துப்பார்க்கிறார். ஜூலை 23 அன்று ஆஸ்திரியா செர்பியாவுக்கு நாற்பத்தெட்டு மணி நேரக் கெடு வைக்கிறது. 25 அன்று செர்பியா பெரும்பாலும் இணங்கிப் பதில் தருகிறது. 26 அன்று பிரிட்டிஷ் வெளியுறவு மந்திரி எட்வர்ட் கிரே, நான்கு வல்லரசுகள் உட்கார்ந்து பேசலாம் என்கிறார். ஜெர்மனி மறுக்கிறது. 28 அன்று போர்ப் பிரகடனம். ஜெர்மனி சொல்லும் 'எங்கள் மேல் போர் திணிக்கப்பட்டது' என்ற வாதம் ஜெர்மனியின் சொந்த ஆவணங்களாலேயே நிற்காது என்பதுதான் நூலின் சாரம்.

இது வியாபாரிக்குப் புரிகிற முறை. சரக்கு அனுப்பியவன் பேரேட்டையும் வாங்கியவன் பேரேட்டையும் எதிரெதிரே வைத்தால், எங்கே துண்டு விழுகிறது என்று தானாகத் தெரியும். நூலாசிரியர் கோபமாகத் தொடங்குகிறார், கோபமாக முடிக்கிறார். நடுவில் கணக்குப் பார்க்கும்போது மட்டும் கை நடுங்குவதில்லை. அந்தப் பகுதிதான் இன்றும் படிக்கத் தக்கது என்பது என் அபிப்பிராயம்.

இனிக் குறையைச் சொல்ல வேண்டும். வருமான வரிக்காரருக்குக் காட்டுகிற கணக்கு வேறு, வீட்டில் வைத்திருக்கிற இரண்டாம் நம்பர் கணக்கு வேறு என்பது கடைத்தெருவில் எல்லாருக்கும் தெரியும். அரசாங்கங்களும் அதைத்தான் செய்தன. ஜெர்மன் வெள்ளைப் புத்தகத்தில், தகராறை ஹேக் நகரத்து நடுவர் மன்றத்துக்கு விடலாம் என்று ரஷ்யச் சக்கரவர்த்தி ஜூலை 29 அன்று கைசருக்கு அனுப்பிய தந்தி விடுபட்டிருந்தது. சமாதானம் பேசிய தந்தியே காணோம்! சரி, ஜெர்மனி மட்டும்தானா? பிரெஞ்சு மஞ்சள் புத்தகத்தில் 118ஆம் எண் ஆவணம் திருத்தி எழுதப்பட்டது என்று பிற்பாடு அம்பலமானது. ரஷ்யா ஜூலை 30 அன்றே முழுப் படைதிரட்டலுக்கு உத்தரவிட்டதை, ஆஸ்திரியாவுக்குப் பதிலடியாக வந்ததுபோல் காட்டுவதற்காகச் செய்த திருத்தம் அது. கிரெல்லிங் தன் வீட்டுக் கணக்கைச் சந்தேகத்தோடு பார்த்தார். எதிர்வீட்டுக் கணக்கை நம்பிக்கையோடு பார்த்தார். ரஷ்யாவின் பங்கையும் மற்ற வல்லரசுகளின் பேராசையையும் அவர் லேசாக விட்டுவிட்டார். தணிக்கை செய்பவனுக்கு இது தகாது.

ஆனாலும் மொத்தத்தில் அவர் கண்டுபிடித்தது பெரும்பாலும் சரிதான். 1919இல் கார்ல் காவுட்ஸ்கி திரட்டிய ஜெர்மன் அரசின் உள் ஆவணங்கள் வெளிவந்தன. 1914 ஜூலை 5 அன்று ஆஸ்திரியத் தூதரிடம் கைசர் கொடுத்த வாக்கு, நீ என்ன செய்தாலும் பின்னால் நாங்கள் இருக்கிறோம் என்ற வாக்கு, ஊர்ஜிதமானது. சரித்திர ஆசிரியர்கள் அதை 'தொகை எழுதாத செக்' என்கிறார்கள். தொகை எழுதாமல் கையெழுத்துப் போட்ட செக்கை அடுத்தவன் கையில் கொடுப்பவனுக்கு என்ன கதி என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 1961இல் ஃபிரிட்ஸ் ஃபிஷர் என்ற ஜெர்மன் பேராசிரியர் தம் நாட்டின் பொறுப்பை விரிவாக எழுதியபோது பெரும் சர்ச்சை எழுந்தது. 2012இல் கிறிஸ்டோஃபர் கிளார்க் எல்லா நாடுகளுமே தூக்கத்தில் நடந்து போய்ப் பள்ளத்தில் விழுந்தன என்ற கருத்தில் எழுதினார். வழக்கு இன்னும் முடியவில்லை. முதல் மனுத் தாக்கல் செய்தவர்களில் ஒருவர் நம் பெயரில்லாத வக்கீல்.

வானத்திலிருந்து விழுந்த பதிப்பு

இப்போது அரிய பதிப்புக்கு வருவோம். தடை செய்த நூல் ஜெர்மானியர் கைக்கு எப்படிப் போய்ச் சேரும்? பிரான்ஸ் 1915இல் விமானம் மூலம் பிரசாரம் செய்ய ஒரு தனிப் பிரிவு ஏற்படுத்தியது. அதில் முக்கியமானவர்கள் இருவர். ஒருவர் ஜெர்மன் இலக்கியம் கற்ற பேராசிரியர் எர்னஸ்ட் தொன்னலா. மற்றவர் 'ஹான்சி' என்ற புனைபெயரில் கேலிச்சித்திரம் வரைந்த அல்சாஸ் ஓவியர். அந்தச் சித்திரங்களுக்காகவே 1914 ஜூலையில் லைப்சிக் நீதிமன்றம் ஜெயில் தண்டனை கொடுக்க, பிரான்சுக்குத் தப்பியவர். 'ஜ'அக்யூஸ்' நூலை மெல்லிய காகிதத்தில், சட்டைப்பையில் ஒளித்துக்கொள்ளும் அளவுக்குச் சுருக்கி அச்சிட்டு எதிரிப் பக்கத்துக்கு அனுப்பினார்கள். என் அலமாரியில் இருக்கிற பிரிட்டிஷ் பதிப்பு நாலு இட்லிக் கனம். அதே நூல் அங்கே அப்பளம் போல மெலிந்து பதுங்கு குழியில் விழுந்தது.

பொதுவாகப் பழம்புத்தகம் அருகிப்போவதற்குச் செல்லும் மழையும் காரணம். இது போன்ற சிறு பதிப்புகள் அருகிப்போனதற்கு வேறு காரணம் உண்டு. எதிரியின் காகிதத்தை வைத்திருப்பது சிப்பாய்க்கு ஆபத்து. 1918இல் ஒரு ஜெர்மன் படைப்பிரிவு விலையே நிர்ணயித்தது: இதுவரை பார்த்திராத துண்டுப்பிரசுரத்தின் முதல் பிரதிக்கு 3 மார்க், மற்றப் பிரதிக்கு 30 ஃபெனிக், ஒரு புத்தகத்துக்கு 5 மார்க். கொண்டுவந்து ஒப்படைத்தால் கையில் காசு! தூவியவர்களுக்கும் லேசில் விடுதலை இல்லை. துண்டுப்பிரசுரம் வீசிய குற்றத்துக்காகப் பிடிபட்ட இரண்டு பிரிட்டிஷ் விமானிகளுக்கு ஜெர்மன் ராணுவ நீதிமன்றம் பத்து வருஷம் கடுங்காவல் விதித்தது. பதிலுக்குப் பதில் செய்வோம் என்று பிரிட்டன் மிரட்டிய பிறகே அவர்கள் தப்பினார்கள். ஒரு நூலைப் படிக்காமல் இருக்கச் சம்பளமும், வீசினால் ஜெயிலும் கொடுத்த காலம் அது. பழம்புத்தகச் சந்தையில் அதற்கு மதிப்பு ஏறியதில் ஆச்சரியம் இல்லை.

ஆனால் இந்தச் சிறு பதிப்பைப் பற்றி ஒன்று கேட்காமல் விடக்கூடாது. உள்ளே இருக்கிற சொற்கள் லௌசானில் அச்சான அதே சொற்கள்தானே, பொருளும் அதேதானா? என் கருத்தில், இல்லை. கிரெல்லிங் தம் ஜனங்களைப் பார்த்து, விழித்துக்கொள்ளுங்கள் என்று எழுதினார். வீட்டுப் பெரியவர் வீட்டுக்குள் போடும் சத்தம் அது. அதையே எதிரி விமானம் கொண்டுவந்து போட்டால், கேட்பவன் காதில் பெரியவர் குரல் விழாது. விமானத்தின் சத்தம்தான் விழும். போதாக்குறைக்கு எழுதியவர் பெயர் இல்லை. 'ஒரு ஜெர்மானியன்' என்றால் யார்? பாரிசில் உட்கார்ந்து ஒரு பிரெஞ்சுக்காரனே எழுதியிருக்கலாமே என்று சிப்பாய் நினைத்தால் அவனைக் குறை சொல்ல முடியுமா? சமாதானவாதி எழுதிய நூலை ஆயுதமாக்க, பெயரின்மை வசதி செய்துகொடுத்தது.

தலைப்பைக் கடன் கொடுத்த எமிலி ஜோலாவை இங்கே நினைக்க வேண்டும். யூதரான டிரேஃபஸ் என்ற ராணுவ அதிகாரி மேல் சுமத்திய பொய்வழக்கை எதிர்த்து, 1898 ஜனவரி 13 அன்று 'லோரோர்' பத்திரிகையில் ஜோலா எழுதிய கடிதத்துக்குத்தான் முதலில் அந்தத் தலைப்பு. குற்றம் சாட்டப்பட்டவர்கள் பெயரையும் எழுதினார், தம் பெயரையும் எழுதினார். ஒரு வருஷ ஜெயில் தண்டனை விதித்தார்கள், இங்கிலாந்துக்கு ஓடினார். அந்தக் கடிதத்துக்கு உயிர் கொடுத்ததே அடியில் இருந்த கையெழுத்து. போர் நடக்கும்போதே சுவிட்சர்லாந்திலிருந்து, சண்டைக்கு அப்பால் நின்று எழுதிய ரோமன் ரோலாண்டும் (பின்னால் காந்தியடிகளைப் பற்றி நூல் எழுதியவர்) தம் பெயரோடுதான் எழுதினார்.

மகன் எழுதிய பதில்

1916இல் சூரிச்சில் இரண்டு நூல்கள் வந்தன. ஒன்று, ஹெர்மன் ஃபெர்னாவ் என்ற ஜெர்மானியர் இந்நூலை ஆதரித்து எழுதியது. நான் ஜெர்மானியன் என்பதாலேயே இதைச் சொல்கிறேன் என்ற பொருளில் தலைப்பு. ஆதரித்தவர் பெயர் போட்டார், எழுதியவர் போடவில்லை. மற்றொன்று 'ஆன்டி-ஜ'அக்யூஸ்', ஜெர்மனியின் சார்பில் மறுப்பு. எழுதியவர் குர்ட் கிரெல்லிங். ஆம், ரிச்சர்ட் கிரெல்லிங்கின் சொந்த மகன்! அவரும் பெயர் போட்டே எழுதினார். தந்தையின் பெயரும் போர் முடியும் முன்பே வெளிவந்துவிட்டது.

குர்ட் சாதாரண ஆள் அல்லர். கணிதமும் தர்க்கமும் படித்தவர். லியோனார்ட் நெல்சன் என்ற தத்துவ ஆசிரியரோடு சேர்ந்து 1908இல் வெளியிட்ட ஒரு முரண்புதிர் இன்றும் தர்க்க நூல்களில் அவர் பெயரால் நிற்கிறது. சுருக்கமாகச் சொல்கிறேன். 'தமிழ்' என்ற சொல் தமிழ்ச்சொல்தான். அது தன்னையே சொல்கிறது. 'நீளமான' என்ற சொல் குட்டிச் சொல். அது தன்னைச் சொல்லவில்லை. அப்படியானால் 'தன்னைச் சொல்லாத' என்ற சொல் எந்த வகை? தன்னைச் சொல்லவில்லை என்றால் சொல்கிறது. சொல்கிறது என்றால் சொல்லவில்லை. இதைப் படித்தபோது எனக்கு அவர் தந்தையின் புத்தக அட்டைதான் கண்முன் வந்தது. 'நான்' என்று தொடங்குகிறது. நான் யார் என்று சொல்லவில்லை.

ரிச்சர்ட் கிரெல்லிங் 1929இல் பெர்லினில் காலமானார். மகன் கதை அதோடு முடியவில்லை. 1916இல் ஜெர்மனிக்காகத் தந்தையையே எதிர்த்து எழுதிய குர்ட் கிரெல்லிங்கை, யூத வம்சத்தவர் என்ற ஒரே காரணத்துக்காக ஜெர்மன் அரசு 1942இல் மனைவியோடு ஆஷ்விட்ஸ் முகாமுக்குக் கொண்டுபோய்க் கொன்றது. இதை நான் முதலில் படித்த இரவு கடைக் கணக்கை முடிக்க முடியவில்லை. தந்தை சொன்னது சரி, மகன் சொன்னது தப்பு என்று இங்கே தீர்ப்பு எழுத எனக்குக் கை வராது. அவர் எந்தப் பக்கம் எழுதினார், பெயர் போட்டாரா என்பதெல்லாம் 1942இல் யாருக்கும் ஒரு பொருட்டாகவே இல்லை.

என் மொட்டைக் கடுதாசி

கடைசியாக, இந்த நூலை ஏன் இத்தனை வருஷம் தூக்கிச் சுமந்தேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். 1988இல் நாங்கள் வியாபாரிகள் சிலர் சேர்ந்து ஒரு சேமிப்பு நிதி நடத்தினோம். நிர்வாகத்தில் இருந்த ஒருவர் பணத்தைச் சொந்தத்துக்குத் திருப்புகிறார் என்று கணக்கைப் பார்த்து எனக்குத் தெரிந்தது. அவரிடம் நான் கடன்பட்டவன். எதிரே சொல்லத் தைரியம் இல்லை. உறுப்பினர்கள் எல்லாருக்கும் பெயர் போடாமல் கடிதம் எழுதினேன். தேதி, தொகை எல்லாம் சரியாக எழுதினேன். இவ்வளவு துல்லியமாக யாருக்குத் தெரியும் என்று யோசித்தார்கள். கணக்கு எழுதிக்கொண்டிருந்த வயதான மனிதர் மேல் பழி விழுந்தது. அவரை அனுப்பிவிட்டார்கள். பணம் எடுத்தவர் மெதுவாகக் கட்டிவிட்டு மரியாதையோடு இருந்தார். அந்தப் பெரியவர் ஊருக்குப் போன பிறகு நான் போய்ப் பார்க்கவில்லை. அடுத்த வருஷம் பார்க்கலாம், அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றிருந்தேன். அவர் காலமான செய்திதான் வந்தது.

எங்கள் தத்துவார்த்த சூத்திரம் வாய்மை விரதத்துக்கு நேரும் குற்றங்களில் பொய்ப் பத்திரம் எழுதுவதை ஒன்றாகச் சொல்கிறது. பெயரில்லாமல் உண்மை எழுதுவதை அது குற்றப்பட்டியலில் சேர்க்கவில்லை. ரொம்ப நாள் அதைச் சொல்லியே என்னைச் சமாதானம் செய்துகொண்டேன். நாலடியாரைப் பாடியவர்கள் பெயரும்தான் நமக்குத் தெரியாது என்றும் சொல்லிக்கொள்வேன். ஆனால் அறம் சொல்பவனுக்குப் பெயர் வேண்டாம். அதனால் யாருக்கும் தண்டனை வராது. குற்றம் சொல்பவன் கதை வேறு. அவன் பெயர் போடாவிட்டால் அந்தக் காலி இடத்தில் ஊரார் வேறு ஒருவன் பெயரை எழுதிவிடுவார்கள், அல்லது எதிரி தன் பெயரை எழுதிக்கொள்வான். என் கடிதத்துக்கு முதலாவது நடந்தது. கிரெல்லிங் நூலுக்கு இரண்டாவது நடந்தது.

அதற்காகக் கிரெல்லிங்கும் நானும் ஒன்று என்று சொல்ல வரவில்லை. அவர் எதிர்த்தது ஒரு சாம்ராஜ்யத்தை. நான் பயந்தது ஒரு கடன்காரருக்கு. போர்க்காலத்தில் பெயர் போட்டிருந்தால் ஜெர்மனியில் இருந்த உற்றார் உறவினருக்கு என்ன நேர்ந்திருக்கும் என்று நாம் வசதியாக உட்கார்ந்து கேட்பது சுலபம். பயந்துகொண்டே எழுதினாலும், எழுதாமல் இருந்தவர்களைவிட அவர் ஒரு படி மேல். நூலின் கணக்கு பெரும்பாலும் சரி. ஒரு பக்கத்தைச் சரியாகத் தணிக்கை செய்யவில்லை. அடியில் கையெழுத்து இல்லை. இதுவே என் மதிப்பீடு. வானத்திலிருந்து விழுந்த அந்தச் சிறு பதிப்பு ஏதாவது ஏலத்தில் வந்தால் சேகரிப்பவர்கள் போட்டி போட்டு வாங்குவார்கள். வாங்குகிறவர்கள் ஒரு தரம் படிக்கவும் வேண்டும். 5 மார்க் கொடுத்துப் பிடுங்கியது அந்தப் படிப்பைத்தான்.

இந்தக் கட்டுரைக்கு மேலே என் பெயரையும் ஊரையும் தவறாமல் அச்சிடும்படி மலர்க்குழுவினரைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். முப்பத்தெட்டு வருஷம் தாமதம்தான். அந்தப் பெரியவரின் பிள்ளைகள் கண்ணில் இது பட்டால், தவறு அவர் மேல் இல்லை என்று அவர்களுக்குத் தெரியட்டும்.